வயிற்றில் இடம் விட்டு உண்போம்

(ஜும்ஆ உரை)

வானங்களையும் பூமியையும் படைத்து, அவற்றில் வாழும் உயிர்கள் அனைத்திற்கும் உணவளித்துக் காக்கும் வல்ல நாயனுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய வழியில் நடக்கும் நல்லடியார்கள் மீதும் உண்டாவதாக!

  

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் இப்பள்ளியில் இமாமாகப் பொறுப்பேற்றபோது, உட்கார்ந்து தொழுவோருக்காக இங்கே 2 நாற்காலிகள் இருந்தன. சென்ற மாதம் எண்ணிப் பார்த்தேன். 17 நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றில் அமர்வோரில் எழுபதைக் கடந்த முதியவர்கள் உண்டு. விபத்தில் அடிபட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. மார்க்கம் அவர்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆனால் நாற்பதைத் தாண்டி ஐம்பதை எட்டாத சகோதரர்களும் இன்று நாற்காலியைத் தேடுகிறார்கள். உடலின் பாரம் தாங்காமல் ஒருவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னொருவருக்குச் சர்க்கரை நோயால் கால்விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். முன்பு முதல் ஸஃப்பில் நின்றவர் அவர். ஒரு நாள் அஸருக்குப் பின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜரத், ஸுஜூதில் நெற்றியை வைத்து இரண்டு வருஷமாச்சு" என்று சொல்லிக் கண்கலங்கினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எல்லா நோய்க்கும் உணவே காரணம் என்று நான் சொல்லவில்லை. பரம்பரை உண்டு, வயது உண்டு, அல்லாஹ்வின் நாட்டமும் உண்டு. எனினும் நம் கையால் நாமே தேடிக்கொள்வதும் உண்டல்லவா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மருத்துவர்களும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசலில் நிற்பதாகவும் அது கணக்கிட்டது. அந்த வாசலில் நிற்பவர்களுள் நானும் ஒருவன்.

நான் கற்ற பாடம்

மிம்பரில் நின்று பிறருக்கு உபதேசம் செய்பவன் தன் கணக்கை முதலில் காட்டவேண்டும். எனக்கு வயது 46. சென்ற ஆண்டு என் எடை 91 கிலோ; இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு அது 90ஐயும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், "இப்போதே விழித்துக்கொண்டால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாம்" என்றார்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன்? இமாமின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். நிக்காஹ், வலீமா, புதுமனை புகுவிழா, கத்முல் குர்ஆன், கத்னா என்று எல்லா விருந்திலும் முதல் இலை எங்களுக்குத்தான். ஒரு மாதம் குறித்து வைத்துப் பார்த்தேன். 30 நாட்களில் 11 அழைப்புகள்! ஒவ்வோர் இடத்திலும், "ஹஜரத், இன்னைக்கு ஒரு நாள்தானே, இன்னும் ரெண்டு கரண்டி வச்சுக்குங்க" என்ற அன்பு உபசரிப்பு. அவர்கள் மனம் நோகுமே என்று உண்டேன். உண்மையைச் சொன்னால், என் நஃப்ஸ் விரும்பியதால்தான் உண்டேன். அவர்கள் மனத்தை நான் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். பதினொரு 'ஒரு நாள்'கள் சேர்ந்தால் மாதத்தில் மூன்றில் ஒரு பகுதியல்லவா?

மூன்றில் ஒரு பங்கு இலக்கா, எல்லையா?

வயிறு பற்றிய நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவித்து, திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றது அது. உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்ற வழிகாட்டல் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதன் வரிசையை நாம் கவனிப்பதில்லை. நிரப்பப்படும் பாத்திரங்களிலேயே தீயது வயிறு என்று முதலில் எச்சரித்த பெருமானார் (ஸல்) அவர்கள், முதுகை நிமிர்த்தி வைக்கும் அளவுக்குச் சில கவளங்களே மனிதனுக்குப் போதும் என்று அடுத்ததாகக் கூறினார்கள். அதனைத் தாண்டியே தீரவேண்டும் என்றால்தான் மூன்று பங்கு என்ற பேச்சே வருகிறது. அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு என்பது நாம் எட்டவேண்டிய இலக்கன்று, தாண்டக்கூடாத எல்லை. நாமோ அந்த எல்லைக்கு அப்பால் நின்றுகொண்டு, தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடமில்லாமல் சாய்ந்து உட்கார இடம் தேடுகிறோம்.

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான் (அல்அஃராஃப் 7:31). ஹலாலான உணவுக்கே அந்தக் கட்டளை என்பதை மறந்துவிடக் கூடாது. இறைச்சி ஹலாலா என்று பத்து முறை கேட்கும் நாம், அளவு ஹலாலா என்று ஒரு முறையேனும் கேட்டதுண்டா?

சோற்றின் கணக்கு

நம் தட்டில் மிகுந்திருப்பது எது என்று பாருங்கள். காலையில் இடியாப்பமோ இட்லியோ, மதியம் சோறு, மாலையில் சமோசாவும் இனிப்புத் தேநீரும், இரவில் பரோட்டா. பெயர் நான்கு, சத்து ஒன்றே, மாவுச்சத்து. 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இந்தியர்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே கிடைக்கிறது என்றது. தானியங்களிலிருந்து வருவது 45 சதவிகிதத்துக்குள் அடங்கவேண்டும் என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை.

மாவுச்சத்து ஹராமுமன்று, விஷமுமன்று. அது செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அதனைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் அனுப்புகிறது. வயலில் உழைப்பவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் அது எரிபொருளாகச் செலவாகிறது. கடையில் கல்லாவின் முன் அமர்ந்திருப்பவருக்கும், என்னைப் போல் பாயில் அமர்ந்து பாடம் நடத்துபவருக்கும் செலவு ஏது? மிஞ்சியது கொழுப்பாக வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. உழைத்து உண்ட நம் வாப்பாமார்களின் தட்டை அப்படியே வைத்துக்கொண்டோம். அவர்களுடைய உழைப்பை மட்டும் விட்டுவிட்டோம்.

எளிய கணக்கொன்று சொல்கிறேன். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்தும் 130 கலோரியும் உண்டு. மதியம் 350 கிராம் சோறு உண்பவர் அதை 150 கிராமாகக் குறைத்தால் நாளொன்றுக்கு 260 கலோரி குறைகிறது. மாதத்தில் 7,800. ஒரு கிலோ உடற்கொழுப்பின் ஆற்றல் சுமார் 7,700 கலோரிதான்! உடல் நம் கணக்குப்புத்தகம் போல் நடக்காது. சோறு குறைந்த இடத்தில் காய்கறி வைத்தால் அதற்கும் சிறிது கணக்குண்டு. ஆயினும் இரண்டு கரண்டிச் சோறு எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்து விளங்கும்.

தேநீரையும் பாருங்கள். ஒரு குவளைக்கு 2 தேக்கரண்டிச் சர்க்கரை. நாளுக்கு 4 குவளை. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றாலும் நாளுக்கு 40 கிராம், மாதத்திற்கு 1 கிலோ 200 கிராம் சர்க்கரை! கடையில் பொட்டலமாக வாங்கி அப்படியே தின்னச் சொன்னால் யாரேனும் தின்போமா?

இங்கே ஒரு தவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். 'சோற்றை நிறுத்திவிட்டேன் ஹஜரத், இரவில் ஆறு சப்பாத்தி' என்கிறார் ஒரு சகோதரர். 'எனக்குக் கேழ்வரகுக் கூழ்' என்கிறார் மற்றொருவர். தீட்டாத தானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் கோதுமையும் கேழ்வரகும் மாவுச்சத்துதான். மொத்த அளவைக் குறைக்காமல் தானியத்தின் பெயரை மட்டும் மாற்றுவதால் சர்க்கரை நோயின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்று அதே 2025ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. மாவுச்சத்தில் சிறு பகுதியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் போன்ற புரதத்தை வைத்தவர்களுக்கே அபாயம் குறைவு. மாற்றவேண்டியது அரிசியின் பெயரையன்று, அது தட்டில் பிடித்திருக்கும் இடத்தை.

ஆகவே தட்டில் பாதிக்குக் காய்கறி, கால் பங்குக்குப் புரதம், மீதிக் கால் பங்குக்குச் சோறு என்று வையுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. உண்டபின் பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நலம். இஷாவுக்கு முன்பே இரவு உணவை முடித்துவிட்டுப் பள்ளிக்கு நடந்து வாருங்கள். தொழுகைக்கும் நன்மை, உடலுக்கும் நன்மை.

பசியா? ஆசையா?

கணக்கு தெரிந்தும் கை நிற்பதில்லையே, ஏன்? இங்கேதான் நஃப்ஸின் விளையாட்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் வயிற்றின் ஆசையையும் காம இச்சையையும் அடக்குவதற்கென்றே தனி ஒரு பகுதியை ஒதுக்கி, வயிற்றை முன்வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பசியையும் ஆசையையும் பிரித்தறிய எனக்குக் கைகொடுத்த சோதனை ஒன்று உண்டு. உணவு தேடும்போது, 'இப்போது ஒரு வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் கிடைத்தால் உண்பேனா?' என்று கேட்டுக்கொள்வேன். உண்பேன் என்றால் அது பசி. 'இல்லை, சமோசாதான் வேண்டும்' என்றால் அது ஆசை. பசி எதையும் ஏற்கும். ஆசை ஒன்றையே கேட்கும். ஆசை எழுந்தால் ஒரு குவளை நீரருந்தி, ஒளூ செய்து, பத்து நிமிடம் வேறு வேலையில் ஈடுபட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது வந்த வழியே போய்விடும்.

வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் 'போதும்' என்ற செய்தி மூளையை எட்டுவதற்குச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். நாமோ பத்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்து, செய்தி வருமுன் மறுமுறையும் பரிமாறிக்கொள்கிறோம். நிதானமாக மென்று உண்பவர் குறைவாக உண்டே நிறைவடைவார். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நள்ளிரவு வரை கைபேசியில் விழித்திருக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வீணாக்காதீர்கள், வயிற்றிலும்!

தாய்மார்களுக்கு ஒரு சொல். பிள்ளைகள் மிச்சம் வைத்ததை, 'ரிஸ்க்கை வீணாக்கக் கூடாது' என்று நீங்கள் உண்டு விடுகிறீர்கள். உங்கள் எண்ணம் உயர்ந்தது. உணவைக் கொட்டுவது பாவம்தான். ஆனால் பசியில்லாத வயிற்றில் கொட்டுவதும் கொட்டுவதே. வீண்விரயம் தட்டில் தொடங்குவதில்லை. உலை வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஒரு ஆழாக்கைக் குறைத்துப் போடுங்கள். பிள்ளைக்குக் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள். மீந்ததை அண்டை வீட்டாருக்குச் சூடாக இருக்கும்போதே கொடுத்தனுப்புங்கள். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களிலுள்ள நபிகளாரின் போதனை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனில் பலர் சுற்றியமர்ந்து உண்பார்களே, அங்கே இன்னொருவர் வந்தமர்ந்தாலும் இடமுண்டு, உணவுமுண்டு. அந்தப் பரக்கத் பகிர்வதில்தான் இருக்கிறது.

பட்டினியும் வழியன்று

இதைக் கேட்டுவிட்டு நாளையே ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாகத் தம்மை வருத்திக்கொண்டபோது, விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை அமர்த்தி உண்ணச் செய்தார்கள். இறைவனுக்கு உரிமை இருப்பது போலவே உயிருக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது சரியே என்று பெருமானாரும் ஆமோதித்தார்கள் (புகாரீ). உடல் நம் சொத்தன்று, அமானிதம். அதை நிரப்பிக் கெடுக்கவும் உரிமையில்லை, வாட்டிக் கெடுக்கவும் உரிமையில்லை.

குறிப்பாக, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருந்து உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரலாம். கருவுற்ற தாய்மார்கள், பாலூட்டுவோர், சிறுநீரக நோயாளிகள் ஆகியோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி எதையும் மாற்றவேண்டாம். வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். இனிப்புப் பானங்களை நிறுத்தி, விளையாட விடுங்கள், அது போதும்.

பருமனாக இருப்பவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்யும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதனால் எவர் எடையும் குறைந்ததில்லை. கேலி செய்தவரின் பாவச்சுமைதான் கூடியது.

ரமளானில் நடப்பது என்ன?

வயிற்றை ஆளப் பழக்குவதற்கென்றே ஒரு மாதத்தை அல்லாஹ் தந்தான். நாமோ அம்மாதத்தில்தான் எடை கூடுகிறோம்! பேரீச்சம்பழத்தாலோ நீராலோ நோன்பு திறந்துவிட்டு மஃரிபுக்கு எழுந்தவர்கள் நபிகளார். நமக்கோ கஞ்சி, வடை, பஜ்ஜி, சர்பத் என்று தொடங்கி, தராவீஹுக்குப் பின் பரோட்டாவில் முடிகிறது. நோன்புக் கஞ்சி அருமையான உணவு. அதில் பாசிப்பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைக்கலாம். எண்ணெய்ப் பலகாரத்தை வாரத்தில் ஒரு நாளாக்கலாம். பேரீச்சம்பழமும் இனிப்புதான், பெரிய பழமொன்றில் 15 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து இருக்கும். சுன்னத் என்று சொல்லிக்கொண்டு பத்துப் பழம் உண்பது சுன்னத்தன்று.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

எட்டு மாதங்கள் இவ்வாறு நடந்ததில் என் எடை 83 கிலோவுக்கு வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஸுஜூதிலிருந்து எழும்போது தரையில் கையூன்றுவது குறைந்திருக்கிறது. சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வொன்றும் நம்பிக்கை தருகிறது. நோயின் வாசலில் நின்றவர்களுள், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது கால் பங்குக்கும் மேல் குறைந்தது.

ஆனால் என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். வீட்டில் என்னைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருந்தது. விருந்தில்தான் தோற்றேன். வேண்டாம் என்று கையை மறைத்த பிறகும் இலையில் சோறு விழுகிறது. இப்ராஹீம் (அலை) அவர்களைவிடச் சிறந்த விருந்தோம்பி யார்? அவர்கள் உணவைக் கொண்டுவந்து விருந்தினர் அருகில் வைத்து, உண்ணலாமே என்று அழைத்தார்கள் (51:26, 27). அத்துடன் அவர்கள் கடமை முடிந்தது. வாயில் திணிப்பது விருந்தோம்பலன்று.

எனவே நம் ஜமாஅத்தார் மூன்று காரியங்களைத் தொடங்கலாம். முதலாவது, 'போதும்' என்றவரிடம் மறுமுறை வற்புறுத்துவதில்லை என்று நம் விருந்துகளில் வழக்கமாக்குவோம். இரண்டாவது, வலீமாவில் பிரியாணியின் பக்கத்தில் பெயருக்கு வைக்கும் வெங்காயப் பச்சடியோடு நிறுத்தாமல், காய்கறியும் பயறும் போதிய அளவு வைப்போம்; இனிப்பு ஒன்றுடன் நிறுத்துவோம். மூன்றாவது, ஃபஜ்ருக்குப் பின் பள்ளி வாசலிலிருந்து அரை மணி நேரம் சேர்ந்து நடப்போம். நான் நாளையே தொடங்குகிறேன். என்னோடு இருவர் வந்தாலும் போதும்.

அருமைச் சகோதரர்களே! நாற்காலியில் அமர்ந்து தொழும் அந்தச் சகோதரரின் ஏக்கத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் நெற்றி வைக்கும் பாக்கியம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. அதை இரண்டு கரண்டிச் சோற்றுக்கு விற்றுவிட வேண்டாம். இன்று மதியம் ஜும்ஆ விருந்துக்கு அமரும்போது, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு கரண்டியைக் குறைத்து வையுங்கள். ஆசை மிச்சமிருக்கும்போதே அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்துவிடுங்கள்.

யா அல்லாஹ்! நீ தந்த உணவில் பரக்கத்தையும் அளவையும் எங்களுக்குத் தருவாயாக! நீ அமானிதமாகத் தந்த உடலைப் பேணி, இறுதிநாள் வரை உனக்கு ஸுஜூது செய்யும் வலிமையை எங்கள் முழங்கால்களுக்குத் தருவாயாக! நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! பசித்திருப்போரை எங்கள் தட்டில் மிஞ்சும் பங்கிலிருந்து உண்ணச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.